பதினொரு மணிக்கும் காயாத பனி: காட்டு ட்ரோசெராவைத் தேடிப் பிடித்து இனம் காண்பது எப்படி

ட்ரோசெரா என்ற பூச்சி தின்னிச் செடியைத் தேடிப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, விடியற்காலையில் போவது. அந்த நேரத்தில் அருகம்புல், கோரை, சிலந்தி வலை என்று எல்லாவற்றிலும் பனி உட்கார்ந்திருக்கும், எது நம்ம ஆள் என்று தெரியாது. வெயில் ஏறட்டும். பத்தரை, பதினொரு மணிக்கு மற்றதெல்லாம் காய்ந்த பிறகும் தரையோடு தரையாக ஏதாவது மினுமினுத்தால் அதுதான். அது பனியே இல்லை, பசை. இலையில் நிற்கும் ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு சிவப்புச் சுரப்பி, அதைச் சுற்றி ஒரு சொட்டுப் பசை. பூச்சி உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும், இழைகள் மெல்ல வளைந்து அதை மூடும், செரிமான நீர் சுரக்கும், கடைசியில் இறக்கையும் கூடும்தான் மிச்சம். கிரேக்கத்தில் பனியைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ட்ரோசெரா என்ற பெயர் வந்தது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அதைப் பதிவு செய்தார். பள்ளிப் பாடப்புத்தகத்தில் சூரியப் பனித்துளி என்று படித்திருப்பீர்கள். படிக்கும்போது ஏதோ வெளிநாட்டுச் செடி போலத் தோன்றியிருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படுகிற இனங்கள் மூன்று: பர்மானி, இண்டிகா, பெல்டேட்டா. மூன்றும் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. ஒரு தடவை முறை பிடிபட்டுவிட்டால் செடியைத் தொடாமலேயே எது எது என்று சொல்லிவிடலாம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே தேடுவது

வளமான இடத்தில் தேடாதீர்கள், இதுதான் முக்கியம். முழங்கால் உயரத்துக்குப் புல் செழித்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள், அங்கே இருக்காது. இந்தச் செடிக்கு வேண்டியது மூன்று: நல்ல வெயில், காயாத ஈரம், சத்தில்லாத மண். மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால்தான் பூச்சியிடம் போகிறது, சத்துள்ள மண் என்றால் வேகமாக வளரும் புல்பூண்டுகள் இதை நிழலில் அமுக்கிவிடும். ஆகவே செம்புறாங்கல் தரை, பாறைச் சரிவில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும் ஓரம், மணல் கலந்த புறம்போக்கு, ஏரிக்கரைக்கு வெளியே ஊற்று கசியும் மேடு, இப்படி ஊரில் 'ஒண்ணுக்கும் ஆகாத நெலம்' என்று சொல்கிற இடமாகப் பாருங்கள். மண்ணின் மேல் பாசி காய்ந்து கறுப்பாக ஓர் ஏடு படிந்திருந்தால் இன்னும் நல்லது.

கூட வளரும் செடிகளும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். இலையே கண்ணுக்குத் தெரியாமல் ஈர்க்குச்சி போன்ற காம்பில் மஞ்சளாகவோ ஊதாவாகவோ குட்டிப் பூக்கள் கூட்டமாக நின்றால் அது யூட்ரிகுலேரியா. அதுவும் பூச்சி தின்னிதான், ஆனால் மண்ணுக்கடியில் பைகளை வைத்துப் பிடிக்கும். வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்த மாதிரி நின்றால் அது எரியோகாலான். இவை இரண்டும் சேர்ந்து நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் குனிந்து பாருங்கள்.

காலம் மழையைப் பொறுத்தது. கிழக்குப் பக்கச் சமவெளியில் வடகிழக்குப் பருவமழை தீர்ந்து தண்ணீர் வடியும் நேரம், தோராயமாக டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மேற்குக் கரையில் தென்மேற்கு மழைக்குப் பிறகு. கண்ணூர்ப் பக்கம் மாடாயிப்பாறையும், மகாராஷ்டிரத்தில் சதாரா அருகே காஸ் பீடபூமியும் ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்குப் பேர்போன இடங்கள். பெல்டேட்டா வேண்டுமென்றால் மலை ஏறித்தான் ஆக வேண்டும்: நீலகிரி, கொடைக்கானல், இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி. அங்கே மழைக்காலத்தில் புல்வெளிச் சரிவுகளில் நிற்கும்.

கண்ணுக்கு முதலில் படுவது செடி இல்லை, நிறம். ஈரத் தரையில் யாரோ வெற்றிலை எச்சில் துப்பி வைத்த மாதிரி சிவப்புத் திட்டுகள். நான் முதல் தடவை அப்படி நினைத்துத்தான் தாண்டிப் போனேன். சிவப்பு நிறைய வெயில் வாங்கியதால் வருவது, கொஞ்சம் நிழலில் இருப்பவை பச்சையாகவே இருக்கும், அதனால் நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள். திட்டைப் பார்த்ததும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து, வெளிச்சம் செடிக்குப் பின்னாலிருந்து வரும்படி குனியுங்கள். சொட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரியும்.

பசை இருப்பதெல்லாம் ட்ரோசெராவும் இல்லை. நாய்க்கடுகுச் செடியைத் தொட்டால் கை பிசுபிசுக்கும், கொடிவேலிப் பூவின் புல்லிவட்டத்திலும் பசை உண்டு, சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிச் செத்துக் கிடப்பதையும் பார்க்கலாம். இரண்டு விஷயம் பார்த்தால் குழப்பம் வராது. ஒன்று, ட்ரோசெராவில் பசை நிற்பது இலையின் மேல்பரப்பிலும் ஓரத்திலும் குண்டூசி போல எழுந்து நிற்கும் இழைகளின் தலையில். இரண்டு, மாட்டிய பூச்சியைச் சுற்றி அந்த இழைகள் வளைந்து குவிந்திருக்கும். நாய்க்கடுகு வளையாது.

மழை பெய்தால் ஏமாந்துபோய் வளையாதா என்று ஒரு நண்பர் கேட்டார். வளையாது. டார்வின் ரொட்டண்டிஃபோலியா என்ற ஐரோப்பிய இனத்தை வைத்து வருடக்கணக்கில் சோதித்து 1875இல் புத்தகமாகவே போட்டார். தண்ணீர்ச் சொட்டு எத்தனை விழுந்தாலும் அசையாத இழை, எடை என்றே சொல்ல முடியாத ஒரு துண்டு முடியை வைத்ததும் அசைந்தது என்று அதில் இருக்கிறது.

மூன்றில் எது

ஒரு பத்து மடங்கு உருப்பெருக்கி வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பாரே, அதேதான். இல்லாவிட்டால் செல்போனில் கிட்டே எடுக்கும் வசதி போதும். அப்புறம் ஒரு ரூபாய் நாணயம், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் வைக்க.

முதல் கேள்வி: தண்டு தெரிகிறதா? தெரியவில்லை, இலைகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பித் தரையில் வட்டமாகப் படுத்திருக்கின்றன, மொத்த வட்டமும் அந்த நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது என்றால் அது பர்மானி. ஒவ்வோர் இலையும் ஆப்பு வடிவம், அடி குறுகி நுனி அகன்றிருக்கும். நடுவிலிருந்து ஒரு காம்பு ஒரு சாண் உயரம் வரை எழும்பி வெள்ளைப் பூக்களை ஒவ்வொன்றாகத் திறக்கும். இலை அடியில் உருப்பெருக்கியை வைத்தால் வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து வைத்த மாதிரி இலையடிச் செதில் தெரியும், மற்ற இரண்டுக்கும் இது கிடையாது. பொறுமை இருந்தால் ஒரு வேடிக்கையும் பார்க்கலாம். இலை ஓரத்தில் மற்றவற்றைவிட நீளமான இழைகள் இருக்கும், எறும்பு ஒன்று இடறினால் அவை சில நொடிகளில் உள்ளே மடிந்து அதை நடுவுக்குத் தள்ளிவிடும். ட்ரோசெராக்களில் இது படுவேகம். மற்ற பல இனங்களில் இதே வேலைக்கு நிமிடக்கணக்கில், சிலவற்றில் மணிக்கணக்கில் ஆகும்.

தண்டு தெரிகிறது, ஆனால் அடியில் வட்டம் இல்லை, இலைகள் நூல் நூலாக நீண்டு எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால் இண்டிகா. குட்டியாக இருக்கும்போது நிமிர்ந்து நிற்கும், வளர்ந்ததும் பாரம் தாங்காமல் சாய்ந்து பக்கத்துப் புல் மேல் படுத்துவிடும். நுனியில் புது இலை சுருட்டி வைத்த கடிகாரக் கம்பி மாதிரி இருந்து மெல்ல அவிழும். அடியில் காய்ந்த பழைய இலைகள் தாடிபோலத் தொங்கும். பூ வெள்ளையாகவும் இருக்கலாம், இளஞ்சிவப்பாகவும் இருக்கலாம்.

தண்டும் உண்டு, இலைகள் தண்டிலிருந்து மெல்லிய காம்புகளில் தள்ளி நிற்கின்றன, ஒவ்வோர் இலையும் பிறை நிலா மாதிரி இருந்து இரண்டு மூலைகளும் மேலே நீண்டிருக்கின்றன என்றால் பெல்டேட்டா. இங்கே பார்க்க வேண்டியது இலைக்காம்பு ஒட்டும் இடம். மற்றவற்றைப் போல ஓரத்தில் ஒட்டாது, குடைக்குக் கம்பு மாட்டின மாதிரி இலையின் முதுகில் ஒட்டும். பெயரே கேடயம் என்ற பொருளில்தான். மண்ணுக்கடியில் இதற்குச் சின்னக் கிழங்கு உண்டு. வறண்ட மாதங்களில் மேலே ஒன்றுமே இருக்காது, மழை வந்ததும் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும். தோண்டிப் பார்க்காதீர்கள். கிழங்கு இருப்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், இலையைப் பார்த்தாலே போதும்.

பூ கிடைத்தால் சந்தேகமே வேண்டாம், ஆனால் பூ காலையில் வெயிலுக்குத் திறந்து சில மணி நேரத்தில் மூடிவிடும், இதற்கும் பதினொரு மணிதான் சரி. மூன்று இனத்துக்குமே இதழ் ஐந்து, புல்லி ஐந்து, மகரந்தத் தாள் ஐந்து, அதை எண்ணிப் பயனில்லை. எண்ண வேண்டியது நடுவில் சூலகத்தின் மேல் இருக்கும் சூல்தண்டுகளை. பர்மானியில் பிரியாத ஐந்து தண்டுகள், உள்நோக்கி வளைந்திருக்கும். இண்டிகாவில் மூன்று, ஆனால் ஒவ்வொன்றும் அடியிலிருந்தே இரண்டாகப் பிளந்திருப்பதால் ஆறு போலத் தெரியும். பெல்டேட்டாவிலும் மூன்றுதான், ஒவ்வொன்றும் இழை இழையாகப் பிரிந்து தூரிகை மாதிரி இருக்கும். ஐந்து, ஆறு, தூரிகை. பூவின் நேர்மேலே உருப்பெருக்கியைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு பாருங்கள், மூச்சுக்காற்றே பூவை ஆட்டிவிடும்.

குடும்பம் கோத்திரம்

இனம் தெரிந்த பிறகு வகைப்பாடு. இதில் பலர் குழம்புவதற்குக் காரணம் புத்தகங்கள் இரண்டு விதமாகச் சொல்வதுதான். நம் கல்லூரிகளில் இன்னும் சொல்லிக்கொடுக்கிற பெந்தாம், ஹூக்கர் முறையில் ட்ரோசெராவின் குடும்பமான ட்ரோசெரேசி, ரோசேல்ஸ் துறையில் (துறை என்றால் பல குடும்பங்கள் சேர்ந்த தொகுதி) இருக்கும், அதாவது ரோஜாவுக்குப் பக்கத்து வீடு. இதழ்கள் தனித்தனியாக இருப்பது போன்ற வெளித்தோற்றத்தை வைத்துச் செய்த முடிவு அது. 1992இல் மரபணுவை வைத்துப் பூச்சி தின்னிச் செடிகளை ஒப்பிட்டபோது கதை மாறிப்போனது. இப்போதைய முறைப்படி ட்ரோசெரேசி இருப்பது காரியோஃபில்லேல்ஸ் துறையில்.

அந்தத் துறையில் இன்னும் யார் யார் என்று பாருங்கள்: முளைக்கீரை, அரைக்கீரை, பருப்புக்கீரை, பீட்ரூட், அந்திமந்தாரை, காகிதப்பூ, சப்பாத்திக்கள்ளி. கொடிவேலியும் அதே துறைதான், அதன் வேரில் இருக்கும் பிளம்பாஜின் என்ற காரப் பொருள் ட்ரோசெரா இனங்கள் பலவற்றிலும் இருக்கிறது. மேகாலயாவின் குடுவைச் செடி நெப்பந்தஸும் இந்தப் பக்கத்து உறவுதான். ஆனால் ட்ரோசெராவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பூச்சி தின்கிற யூட்ரிகுலேரியா இந்த வம்சமே இல்லை, அது துளசியும் எள்ளும் மல்லிகையும் இருக்கிற லாமியேல்ஸ் துறை. பூச்சி தின்கிற பழக்கம் செடிகளில் ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதில்லை, வேறு வேறு வம்சங்களில் தனித்தனியாக வந்தது. ஒரே சேற்றில் ஒரே தொழில் செய்கிற இரண்டு பேர், சொந்தக்காரர்கள் இல்லை.

ட்ரோசெரேசி குடும்பத்துக்குள் இன்று உயிரோடு இருக்கும் பேரினங்கள் மூன்றுதான். ட்ரோசெரா ஒன்று. அமெரிக்காவில் கரோலைனா சதுப்புகளில் இருக்கும் டயோனியா, அதாவது வீனஸ் பூச்சிப்பொறி, இன்னொன்று. தண்ணீரில் வேரில்லாமல் மிதக்கும் ஆல்ட்ரோவாண்டா மூன்றாவது. பின்னது இரண்டிலும் ஒவ்வொரே இனம், ட்ரோசெராவில் மட்டும் 200க்கு மேல், அதிலும் பாதிக்கு மேல் ஆஸ்திரேலியாவில்.

ஆக, குறிப்பேட்டில் எழுதும்போது: துறை காரியோஃபில்லேல்ஸ், குடும்பம் ட்ரோசெரேசி, பேரினம் ட்ரோசெரா, இனம் பர்மானி, பெயரிட்டவர் வால் (Vahl என்ற தாவரவியலாளர்), ஆண்டு 1794. பர்மானி என்பது யோஹன்னஸ் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளரின் பெயர், இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737இல் நூல் எழுதியவர். லத்தீனில் அந்தப் பெயருக்குக் கடைசியில் இகரம் ஒன்றா இரண்டா என்று ஒரு சண்டை உண்டு, இரண்டு விதமாகவும் பார்ப்பீர்கள், இரண்டும் ஒரே செடிதான். தமிழில் எழுதினால் அந்தத் தொல்லையும் இல்லை.

மற்ற இரண்டுக்கும் பெயர் கொஞ்சம் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் நூல் இலையோடு எதைப் பார்த்தாலும் இண்டிகா என்று எழுதிவிடுவார்கள், பின்னால் ஆஸ்திரேலியச் செடிகளை நுணுக்கிப் பார்த்துப் பல தனி இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். லின்னேயஸ் 1753இல் வைத்த இண்டிகா என்ற பெயர் நம் பக்கத்துச் செடிக்கே நிலைத்தது. பெல்டேட்டாவில் இதற்கு நேர்மாறு: அந்தப் பெயர் ஆஸ்திரேலியச் செடியோடு போய், நம் மலைகளில் நிற்பதைப் புதிய பட்டியல்கள் பலவற்றில் லுனாட்டா என்று பார்க்கலாம், லுனா என்றால் நிலா, அந்தப் பிறை இலைக்காக. பழைய தாவர நூல்களில் தேடும்போது பெல்டேட்டா என்றே தேடுங்கள். குறிப்பில் இரண்டையும் எழுதி வையுங்கள்.

தமிழ்ப் பெயரில் ஜாக்கிரதை. சித்த மருத்துவத்தில் வரும் அழுகண்ணி இதுதான் என்று சொல்கிறவர்கள் நிறைய, சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் நிற்பதைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. சிங்களத்திலும் இண்டிகாவுக்குக் கந்துலெஸ்ஸ என்று ஒரு பெயர் உண்டு, கண்ணீர்க் கண் என்று பொருள்படும், கடலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தோன்றியிருக்கிறது. ஆனால் அழுகண்ணி என்ற பெயரை வேறு செடிகளுக்கும் வைத்திருக்கிறார்கள். யாராவது அழுகண்ணி என்று காய்ந்த தழையைக் கொடுத்தால் அது ட்ரோசெராதான் என்று நம்பிவிடாதீர்கள், வாயிலும் போடாதீர்கள்.

பறிக்காமல் பதிவு செய்வது

ஆறு படம் போதும். நேர்மேலிருந்து முழுச்செடி, நாணயத்தோடு. பக்கவாட்டில், தண்டு தெரியும்படி. ஓர் இலை கிட்டத்தில், காம்பு ஒட்டுமிடம் தெரிய வேண்டும். இலையடிச் செதில் இருக்கிறதா இல்லையா. பூ நேர்முகமாக. கடைசியாகச் சுற்றுப்புறம், பலர் விட்டுவிடுவது இதைத்தான்: மண் என்ன, ஈரம் எங்கிருந்து வருகிறது, பக்கத்தில் என்ன செடி. பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் ஏற்றினால் இடத்தை மங்கலாக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். துல்லியமான இடம் தெரிந்தால் மருந்துக்கும் விற்பனைக்கும் பிடுங்க ஆள் வரும்.

பிடுங்கிக் கொண்டுபோய் வளர்க்கலாமே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றியது, செய்தும் பார்த்தேன். நான்கு பர்மானியை மண்ணோடு பெயர்த்து வீட்டில் ரோஜாத் தொட்டி மண்ணில் வைத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் பசை நின்றது, பத்தாம் நாள் நான்கும் கறுத்தன. உரம் கலந்த மண்ணும் உப்புத் தண்ணீரும் இதற்கு விஷம் என்பதைப் பிறகுதான் படித்தேன். இன்னொன்று, பர்மானியும் இண்டிகாவும் பெரும்பாலும் ஒரு பருவத்துச் செடிகள், காயாமல் வைத்திருந்தாலும் விதை விட்டு முடித்துவிடும். காப்புக்காட்டில் எடுத்தால் வழக்கு வேறு. வளர்த்தே ஆக வேண்டும் என்றால் வளர்ப்பவர்களிடம் விதை கேளுங்கள், உரமில்லாத தேங்காய் நாரும் மணலும், மழைநீர் மட்டும், நேர் வெயில்.

பசியாக இருக்குமோ என்று கறித்துண்டெல்லாம் வைக்காதீர்கள், இலை அழுகிப்போகும். அதுவே பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தில் உடனே முட்டி போட்டுவிடாதீர்கள். இவை தனியாக நிற்பது குறைவு, ஒன்று கண்ணில் பட்டால் சுற்றிலும் மிளகு அளவில் நாற்றுகள் கிடக்கும், அவற்றுக்கு இன்னும் சிவப்பு ஏறியிருக்காது. நான் நல்ல படத்துக்காக அரைமணி நேரம் படுத்துக் கிடந்து எழுந்தபோது சட்டை முன்பக்கம் முழுக்கக் குட்டி பர்மானிகள் ஒட்டியிருந்தன. முதலில் நின்ற இடத்திலேயே குந்தி, காலடியைச் சுற்றிப் பார்த்து, வெறும் பாறையோ கோரைக் கட்டையோ இருக்கிற பக்கமாக முட்டியை வையுங்கள்.